பழைய ஜீப்ப தூக்குறதுக்கு முன்னாடி டேப்ப எடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்க வாகனப் பகுதியில பழைய ஜீப்புகளுக்கு உயரம் ஏத்துறது பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க, படமும் அசத்தலா இருந்துச்சு, ஆனா படிச்சு முடிச்சதும் ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு, அதான் இந்த லெட்டர். கட்டுரை முழுக்க 2 இன்ச்சா 3 இன்ச்சா 4 இன்ச்சான்னே போகுது, எந்த லிஃப்ட் கிட் (வண்டிய தூக்குற பாகங்களோட செட்) போட்டா எவ்ளோ ஏறும், ரோட்டுல நின்னா எவ்ளோ கெத்தா தெரியும்னு இருக்கு. ஆனா வண்டி இப்போ எந்த உயரத்துல நிக்குது, கம்பெனியிலேர்ந்து வெளிய வந்தப்போ எந்த உயரத்துல நின்னுச்சுன்னு ஒரு இடத்துல கூட கேக்கல. பழைய வண்டிக்கு மொத கேள்வியே அதுதானே சார்.

ஏன்னா 40, 50 வருஷம் ஓடுன பட்டை ஸ்பிரிங் (வளைஞ்ச இரும்புப் பட்டைகள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குன ஸ்பிரிங்) தன்னோட வளைவ இழந்து தொங்கிப்போயிருக்கும். வில்லிஸ் சிஜே-2ஏ 1945ல வந்துச்சு, லேண்ட் ரோவர் 1948, டொயோட்டா எஃப்ஜே40 1960. இதுல எதை எடுத்தாலும் பட்டைய மாத்தாம ஓட்டிக்கிட்டு இருந்தா அது ஒரிஜினல் உயரத்துல நிக்க வாய்ப்பே கம்மி. தொங்குன பட்டைக்கு பதிலா அதே ஒரிஜினல் அளவுல புதுப் பட்டை போட்டாலே, இல்ல இருக்குறத நல்ல பட்டறையில குடுத்து வளைவு அடிச்சு வாங்கினாலே, வண்டி கண்ணுக்கு தெரியுற அளவுக்கு ஏறிடும். பல பேர் "லிஃப்ட் வேணும்"னு நெனைக்கிறது உண்மையில காணாம போன உயரம்தான். அத லிஃப்ட்னு நெனச்சுக்கிட்டு தொங்குன பட்டையோடயே ஒரு பிளாக்கையோ (பட்டைக்கு அடியில வைக்கிற கட்டை) நீள ஷாக்கிளையோ (பட்டையோட முனைய வண்டியோட சேர்க்குற தகடு) வச்சு தூக்குனா, நோய் அப்படியே இருக்கு, மேல மட்டும் ஒரு புது சட்டை.

அதனால மொதல்ல டேப்ப எடுத்து அளக்கணும். சமதளத்துல நிறுத்தி, நாலு டயருலயும் காத்து சரியா வச்சு, டேங்க் எப்பவும் எவ்ளோ இருக்குமோ அவ்ளோ வச்சு, வண்டில எப்பவும் கிடக்குற டூல்ஸ், ஸ்பேர் வீல் எல்லாம் இருக்கும்போதே அளக்கணும். முக்கியமா மட்கார்டு ஓரத்துலேர்ந்து அளக்காதீங்க. பழைய பாடி துருப்பிடிச்சு, ரப்பர் மவுண்ட் அமுங்கி, எப்பவோ இடிச்சு நிமித்துன தகடா இருக்கும், அது சொல்ற அளவு பொய்யாதான் இருக்கும். ஆக்ஸில் ட்யூபுக்கும் (ரெண்டு வீலையும் சேர்க்குற குழாய்) சேசிஸுக்கும் (வண்டியோட அடிச்சட்டம்) நடுவுல அளங்க, பம்ப் ஸ்டாப்புக்கும் (ஆக்ஸில் மேல வந்து சேசிஸ்ல இடிக்காம தடுக்குற ரப்பர்) ஆக்ஸிலுக்கும் எவ்ளோ இடைவெளின்னு அளங்க, நாலு மூலையிலயும். டிரைவர் உக்காருற பக்கம் எப்பவும் கொஞ்சம் இறங்கியிருக்கும், அதுவும் அப்போ தெரிஞ்சிரும். பம்ப் ஸ்டாப் இடைவெளி விரல் கனம்தான் இருக்குதுன்னா வண்டி ஒவ்வொரு பள்ளத்துலயும் முதுக ஒடிக்கிறதுக்கு காரணம் புரிஞ்சிரும். பட்டை கெட்டியா இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டு இருப்போம், உண்மையில பட்டை வேலையே செய்யாம ரப்பர்ல போய் இடிச்சுக்கிட்டு இருக்கும்.

அடுத்தது லிஃப்ட் பண்ணா என்ன கிடைக்கும்ங்குறது. "லிஃப்ட் பண்ணா கல்லுல அடிக்காது"ன்னு கட்டுரையில ஒரு வரி. பாதிதான் உண்மை. சஸ்பென்ஷன தூக்குனா சேசிஸ் ஏறும், பாடி ஏறும், மேடு ஏறும்போது முன்பக்கம் முட்டாது, மேட்டு உச்சில வயிறு தட்டாது, சரி. ஆனா டிஃபரன்ஷியல் உருண்டை (வீலுங்களுக்கு சக்திய பிரிச்சுக் குடுக்குற கியர் கூடு) இருக்கே, அது ஆக்ஸிலோட சேர்ந்தது, சஸ்பென்ஷன எவ்ளோ தூக்குனாலும் அது ஒரு நூல் கூட மேல வராது. அத தூக்குறது டயர் மட்டும்தான், அதுவும் டயரோட விட்டம் எவ்ளோ கூடுதோ அதுல பாதி. 28 இன்ச் டயர எடுத்துட்டு 31 இன்ச் போட்டா டிஃபரன்ஷியல் ஒன்றரை இன்ச் ஏறும், அவ்ளோதான். பாதையில பெரும்பாலும் அடி வாங்குறது அந்த உருண்டைதான்னு ஓட்டுறவங்களுக்கு தெரியும்.

அப்போ கணக்கு டயர்லேர்ந்து தொடங்கணும். எனக்கு எந்த டயர் வேணும், அந்த டயர் உரசாம சுத்துறதுக்கு எவ்ளோ இடம் வேணும், அந்த இடத்துக்கு தேவையான அளவு மட்டும் லிஃப்ட். பெரிய டயர்னா சும்மா வராது, அதுக்கும் ஒரு விலை இருக்கு. 28லேர்ந்து 31 போனா டயர் ஏறக்குறைய 11 சதவீதம் பெருசாகுது, ஸ்பீடோமீட்டர் 50னு காட்டும்போது வண்டி 55ல போகும், எஞ்சினுக்கு ஒவ்வொரு கியரும் அந்த அளவு கனமாகும், பிரேக் மிதிக்கிற அதே அழுத்தத்துக்கு ரோட்டுல கிடைக்கிற பிடி கிட்டத்தட்ட 10 சதவீதம் கம்மியாகும். சிஜே-2ஏ எஞ்சின் 60 குதிரைத்திறன், நாலு வீலுலயும் டிரம் பிரேக். இதுக்கு 33 இன்ச் டயர் மாட்டி ஏத்தத்துல மூச்சு வாங்க வச்சு, எறக்கத்துல நம்ம மூச்ச நிறுத்துறதுக்கு எதுக்கு இந்த வேலை? வேணும்னா கிரவுன் பினியன் ரேஷியோ (டிஃபரன்ஷியல் உள்ள இருக்குற கியர் விகிதம்) மாத்தணும், பிரேக் மாத்தணும், அப்புறம் அது பழைய வண்டியாவே இருக்காது, வேற ஒரு புராஜெக்ட்டு.

என்னோட கருத்து, பழைய குட்டி வீல்பேஸ் வண்டிக்கு ஒரிஜினல் உயரத்துலேர்ந்து ஒன்றரையிலேர்ந்து 2 இன்ச், ரொம்ப போனா இரண்டரை. அதுக்கு மேல போனா ஒவ்வொரு அரை இன்ச்சும் வேற ஒரு பாகத்த மாத்த சொல்லும்.

அது ஏன்னு புரியணும்னா கீழ குனிஞ்சு புரொப்பல்லர் ஷாஃப்ட்ட (எஞ்சின் சக்திய ஆக்ஸிலுக்கு கொண்டு போற, சுத்துற தண்டு) பாக்கணும். கட்டுரையில அந்த பேரே வரல. சிஜே-2ஏ, மொத லேண்ட் ரோவர் ரெண்டுக்கும் வீல்பேஸ் 80 இன்ச். எஃப்ஜே40க்கு 90. இந்த நீளத்துக்குள்ள எஞ்சின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்திய முன், பின் ஆக்ஸிலுக்கு பிரிக்கிற பெட்டி) எல்லாம் அடைச்சுட்டு மிச்சம் இருக்குற இடத்துலதான் பின்னாடி ஷாஃப்ட் போகுது, அதனால அது ரொம்ப குட்டையா இருக்கும். ஒரு கணக்குக்கு 20 இன்ச்னு வைங்க, ஏற்கனவே 10 டிகிரி சாஞ்சு இருக்குதுன்னு வைங்க. 2 இன்ச் தூக்குனா அது 15 டிகிரிய தாண்டும், 4 இன்ச் தூக்குனா 20ஐ தாண்டும். இதே 50 இன்ச் ஷாஃப்ட் உள்ள நீள வண்டியில 2 இன்ச்சுக்கு 2 டிகிரி சொச்சம்தான் மாறும், அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. பெரிய வண்டிக்காரங்க சொல்ற லிஃப்ட் அளவ குட்டி ஜீப்புக்கு அப்படியே எடுக்கக்கூடாதுங்கறது இதனாலதான்.

கோணம் கூடுனா என்ன ஆகும்? கிராஸ் ஜாயிண்ட் (ஷாஃப்ட்டோட முனையில இருக்குற மூட்டு) சாஞ்சு சுத்தும்போது ஒரே வேகத்துல சுத்தாது, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ வேகம் ஏறி எறங்கும். 10 டிகிரில அந்த ஏத்த எறக்கம் ஒண்ணரை சதவீதம், 15 தாண்டுனா 4கிட்ட, 20 தாண்டுனா கிட்டத்தட்ட 7 சதவீதம். கோணம் ரெண்டு மடங்கானா ஆட்டம் நாலு மடங்கு, அப்படி ஒரு கணக்கு இது. ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் கோணம் சமமா இருந்தா ஒண்ணு கெடுக்குறத இன்னொண்ணு சரி பண்ணிடும், அதனாலதான் கம்பெனியில பினியனையும் (ஷாஃப்ட் போய் சேர்ற டிஃபரன்ஷியல் மூக்கு) டிரான்ஸ்ஃபர் கேஸையும் ஒண்ணுக்கொண்ணு பேரலலா வச்சிருப்பாங்க. ஆனா நடுவுல இருக்குற ஷாஃப்ட்டு அப்பவும் அதிர்ந்துக்கிட்டுதான் இருக்கும், கிராஸ்ல உள்ள ஊசி பேரிங் சீக்கிரம் போகும். இன்னொண்ணு, லிஃப்ட் ஏற ஏற ஷாஃப்ட் நீளணும், ஸ்லிப் ஜாயிண்ட்ல (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடுற இணைப்பு) பல்லு மாட்டியிருக்குற நீளம் குறையும், ஒரு பக்கம் வீல் முழுசா தொங்கும்போது எவ்ளோ மிச்சம் இருக்குதுன்னு பாக்காம விட்டா நடு மலையில ஷாஃப்ட் கழண்டு கீழ கிடக்கும். அதிர்வ குறைக்கிறேன்னு டிரான்ஸ்ஃபர் கேஸ கீழ எறக்குற ஸ்பேஸர் போடுற ஆளுங்க இருக்காங்க. அதாவது வயித்துல கல்லு தட்டக்கூடாதுன்னு வண்டிய தூக்கிட்டு அதே வயித்த கீழ எறக்குறது. இத யோசிச்ச ஆள ஒருநாள் பாக்கணும் சார்.

இப்போ எப்டி தூக்குறதுங்குறதுக்கு வர்றேன். சுலபமான வழி நீள ஷாக்கிள். பட்டை ஓரத்துல தொங்குற அந்த ரெண்டு தகடுக்கு பதிலா நீளமா போடுறது. இதுல கணக்கு பாதிக்குப் பாதி, 2 இன்ச் நீளமா போட்டா வண்டி 1 இன்ச்தான் ஏறும், ஏன்னா பட்டையோட ஒரு முனைதான் எறங்குது, ஆக்ஸில் நடுவுல இருக்கு. அதோட ஆக்ஸிலும் சேர்ந்து சாயும். முன்னாடி பட்டைக்கு ஷாக்கிள் முன் முனையில இருக்குற வண்டிகள்ல நீள ஷாக்கிள் போட்டா ஆக்ஸிலோட தலை முன்னாடி சாஞ்சு கேஸ்டர் (முன் வீல் திரும்புற அச்சோட பின்பக்க சாய்வு) குறையும். கேஸ்டர் குறைஞ்சா திருப்பத்துக்கு அப்புறம் ஸ்டியரிங் தானா நேருக்கு வராது, நேர் ரோட்டுலயும் வண்டி அங்கயும் இங்கயும் அலையும், ரெண்டு கையும் வீல்லயே இருக்கணும். பின்னாடி பட்டைக்கு பின் முனையில ஷாக்கிள் நீளமானா பினியன் மூக்கு மேல தூக்கும், நான் மேல சொன்ன அந்த சம கோணம் கெட்டுப்போகும். நீள ஷாக்கிள் பக்கவாட்டுலயும் ஆடும், மேடு பள்ளத்துல பின்பக்கம் தனியா ஒரு டான்ஸ் போடும். அரை இன்ச் சாய்வ சரி பண்ண ஷாக்கிள் சரி, லிஃப்ட்டுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

பிளாக் வைக்கிறது பின்னாடிக்கு மட்டும், அதுவும் பட்டை ஆக்ஸிலுக்கு மேல உக்காந்திருக்குற வண்டிகள்ல, அதுவும் ஒரே பிளாக்கு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக்கூடாது. முன் ஆக்ஸிலுக்கு பிளாக் வைக்கவே கூடாது, பிரேக் புடிக்கும்போது வர்ற முறுக்கு அந்த பிளாக்க உருட்டி வெளிய தள்ளப் பாக்கும், அந்த நேரத்துல ஸ்டியரிங் உங்க கையில இருக்காது. இதுல பேரம் பேச ஒண்ணுமில்ல.

அப்புறம் பட்டைய ஆக்ஸிலுக்கு கீழலேர்ந்து மேல மாத்துறது. சில வண்டிகள்ல கம்பெனியிலயே பட்டை கீழ இருக்கும், பழைய சுசுகி எஸ்ஜே410, சிஜே-7 மாதிரி. எஃப்ஜே40லயும் பழைய லேண்ட் ரோவர்லயும் ஏற்கனவே மேலதான் இருக்கு, அவங்களுக்கு இந்த பேச்சே கிடையாது. கீழ இருக்குறத மேல மாத்துனா ஒரே தாவுல 5 இன்ச் மாதிரி ஏறிடும், புதுப் பட்டை வாங்க வேண்டாம்னு ஆசையா இருக்கும், ஆனா ஸ்டியரிங், ஷாஃப்ட், பிரேக் பைப்பு எல்லாத்தையும் மறுபடி செய்யணும், ஆக்ஸில்ல பழைய இருக்கைய அறுத்து புதுசா வெல்டு வைக்கணும். இது மிதமான லிஃப்ட் கணக்குலயே வராது.

கூடுதலா ஒரு பட்டை சேர்க்குறது பத்தி கட்டுரையில "சிக்கனமான தீர்வு"ன்னு போட்டிருந்தாங்க. சிக்கனம்தான், ஆனா எந்த மாதிரி பட்டைங்குறத பொறுத்தது. குட்டையா தடிமனா ஒண்ணு நடுவுல சொருகுனா வண்டி ஏறும், ஆனா நடுப்பகுதி கட்டையாட்டம் ஆகிடும். பட்டையோட கடினம் தடிமனுக்கு மூணாம் படியில கூடும், அதாவது 6 மில்லிமீட்டர் பட்டைக்கு பதிலா 7 போட்டா அந்த ஒரு பட்டை கிட்டத்தட்ட 60 சதவீதம் கடினமாயிரும், ஒரு மில்லிமீட்டர்தானேன்னு விடக்கூடாது. அதுவே 5 பட்டை கட்டுல அதே தடிமன்ல நீளமா ஆறாவது ஒண்ணு சேர்த்தா 20 சதவீதம் மாதிரிதான் கூடும், தாங்கிக்கலாம். பின்னாடி எப்பவும் சாமான் ஏத்துற ஆளுங்களுக்கு இது நல்ல வழி. ஆனா பழைய தொங்குன பட்டைகளோட புதுசு ஒண்ணு சேர்ந்தா புதுசுதான் மொத்த பாரத்தையும் தாங்கும், பழசுங்க சும்மா கூட நிக்கும், கொஞ்ச நாள்ல அதுவும் தொங்கும்.

அப்போ நல்ல வழி என்னன்னா முழு செட்டா பட்டைய மாத்துறதுதான். வேணும்ங்குற உயரத்துக்கு வளைவு வச்சே செஞ்ச பட்டை. இங்க எல்லாரும் உயரத்த மட்டும் கேப்பாங்க, நான் பாரத்த கேக்க சொல்றேன். வண்டியில என்ன இருக்கு? இரும்பு பம்பரா, வின்ச்சா (மாட்டுன வண்டிய கேபிள் போட்டு இழுக்குற மெஷின்), கூரை கேரியரா, இல்ல துணி மூடி போட்ட வெறும் வண்டியா? 2 இன்ச்னு சொல்லி விக்கிற ஒரே பட்டை வெறும் வண்டியில 3 இன்ச் ஏத்தும், முன்னாடி வின்ச் தொங்குற வண்டியில 1 இன்ச் கூட ஏத்தாது. பாரத்துக்கு மீறுன கடின பட்டை போட்டுட்டா வண்டி ஏறுன உயரத்துலயே வெறப்பா நிக்கும், பள்ளத்துல ஒரு வீல் கீழ எறங்காம காத்துல தொங்கும், பிடி போயிரும், ஆஃப் ரோடுக்கு எதுக்கு தூக்குனோமோ அதுவே நடக்காது. தரையோட ஒட்டி எறங்குற வீலுதான் வண்டிய இழுக்கும். லேண்ட் ரோவர் பழைய மாடல் வச்சிருக்குறவங்க நெறைய பேர் பாரபோலிக் பட்டைக்கு மாறியிருக்காங்க, பட்டை எண்ணிக்கை கம்மி, நடுவுல தடிமனா ஓரத்துக்கு போகப் போக மெலிசா இருக்கும், ஒண்ணோட ஒண்ணு நடுவுலயும் முனையிலயும் மட்டும்தான் தொடும், உரசல் கம்மிங்கறதால நல்லா மெத்துன்னு போகும். ஆனா உரசலே பழைய பட்டையில பாதி ஷாக் அப்சார்பர் வேலைய பாத்துக்கிட்டு இருந்துச்சு, அது போனதும் நல்ல ஷாக் போடலன்னா வண்டி ஊஞ்சலாடும்.

புதுப் பட்டை மாட்டுனதும் ஷாக்கிள் எந்தப் பக்கம் சாஞ்சு நிக்குதுன்னு பாருங்க. வளைவு கூடுன பட்டை நீளத்துல சுருங்கும், ஷாக்கிளோட கீழ் முனைய உள்பக்கமா இழுக்கும். வண்டி நிக்கும்போது ஷாக்கிள் நேரா, இல்ல கொஞ்சம் வெளிப்பக்கமா சாஞ்சு இருக்கணும், அப்பதான் பட்டை அமுங்கி நீளும்போது அது சுலபமா வெளிய ஆடும். உள்பக்கம் சாஞ்சு இருந்தா ஒவ்வொரு மேட்டுலயும் வண்டி மொதல்ல எதிர்த்து நிக்கும், அப்புறம்தான் அசையும். "புதுப் பட்டை போட்டும் ரைடு கல்லு மாதிரி இருக்கு"ன்னு பொலம்புற பாதி வண்டில இதுதான் கதை. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகள வண்டி ஜாக்கில தொங்கும்போது டைட் பண்ணாதீங்க, நாலு வீலும் தரையில நின்னு பாரம் ஏறுன பிறகுதான் இறுக்கணும், இல்லன்னா ரப்பர் எப்பவும் முறுக்குலயே இருந்து சீக்கிரம் கிழியும். யூ போல்ட் (பட்டைய ஆக்ஸிலோட கட்டுற வளைஞ்ச போல்ட்) புதுசு போடுங்க, ஒருதடவ இழுத்து இறுக்குனது மறுபடி அதே பிடி தராது. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி இறுக்கணும், இத மறந்தா சென்டர் போல்ட் (பட்டைகள நடுவுல கோர்க்குற போல்ட்) உடையும், ஆக்ஸில் இடம் மாறும்.

ஸ்டியரிங். முன்னாடி தூக்குனா டிராக் லிங்க் (ஸ்டியரிங் பெட்டியிலேர்ந்து வீல திருப்புற கம்பி) சாயும், ஒவ்வொரு மேட்டுலயும் நீங்க திருப்பாமலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். 2 இன்ச்சுக்குள்ள இருந்தா பெரும்பாலும் தாங்கும். கேஸ்டர் குறைஞ்சுதுன்னா பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி தகடு வச்சு ஆக்ஸில் தலைய பின்னாடி சாய்க்கலாம், அலுமினியம் வேண்டாம், அது நசுங்கி வெளிய வந்துரும், இரும்புலயே போடுங்க. ஆனா தலைய பின்னாடி சாய்ச்சா முன் பினியன் மூக்கு கீழ குனியும், முன்னாடி ஷாஃப்ட் கோணம் கெடும். ஒண்ணுக்காக இன்னொண்ண விட்டுக்குடுக்க வேண்டியதுதான், ரோட்டுல அதிகம் ஓட்டுறவங்க கேஸ்டர் பக்கம் நில்லுங்க, ஃபோர் வீல் போட்டு வேகமா யாரும் போறதில்ல. அலைன்மென்ட் கடையில கேஸ்டர் அளவையும் எழுதித் தர சொல்லி கேளுங்க, டோ (முன் வீலுங்க உள்ளயோ வெளியவோ திரும்பி நிக்கிற அளவு) மட்டும் பாத்துட்டு அனுப்பிருவாங்க.

எல்லா பழைய வண்டியும் பட்டை வண்டி இல்ல, அதையும் சொல்லணும். 1966 மாடலா வந்த மொத ஃபோர்டு பிரான்கோவுக்கு முன்னாடி காயில் ஸ்பிரிங், 1970 ரேஞ்ச் ரோவருக்கு நாலு பக்கமும் காயில். அதுல பானார்டு ராடுன்னு ஆக்ஸில பக்கவாட்டுல பிடிச்சு வைக்கிற கம்பி ஒண்ணு உண்டு, தூக்குனதும் அது ஆக்ஸில ஒரு பக்கமா இழுத்துரும், நீளம் மாத்துற ராடு போட்டு நடுவுக்கு கொண்டு வரணும். மத்தபடி கணக்கு ஒண்ணுதான்.

ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் ரெண்டையும் ஒரே சோதனையில பாத்துரலாம். ஒரு பக்க முன் வீலையும் எதிர்ப்பக்க பின் வீலையும் மேட்டுல ஏத்தி வண்டிய முறுக்கி நிறுத்துங்க. ஏறுன வீல்ல ஷாக் முழுசா உள்ள போய் இடிக்கிறதுக்கு முன்னாடி பம்ப் ஸ்டாப் தொடணும். தொங்குற வீல்ல ஷாக் முழுசா நீண்டு ஆக்ஸில தாங்கிக்கிட்டு நிக்கக்கூடாது, பிரேக் ஹோஸ் வீணைக் கம்பி மாதிரி விறைக்கக்கூடாது. அப்படியே ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு டயர் எங்க உரசுதுன்னு பாருங்க. இத புது கிட் வாங்குறதுக்கு முன்னாடி பழைய நிலமையிலயே ஒருதடவ செஞ்சா, உங்களுக்கு லிஃப்ட் தேவையா இல்ல மட்கார்டு ஓரத்த கொஞ்சம் மடிச்சாலே போதுமான்னு தெரிஞ்சிரும். டயருக்கு இடம் மட்டும்தான் பிரச்சனைன்னா பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவுல 1 இன்ச் ரப்பர் ஸ்பேஸர் வச்சாலும் வேல முடிஞ்சிரும், ஷாஃப்ட் கோணம் மாறாது. கியர் லீவர், ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் ஃபேன் கூண்டு, பெட்ரோல் ஊத்துற குழாய் இதெல்லாம் ஒத்துவருதான்னு பாத்துக்கணும்.

சாயுற பயம் பத்தியும் கட்டுரை தொடல. பழைய ஜீப் எல்லாம் குறுகலானது. கணக்குக்கு ரெண்டு டயருக்கு நடுவுல 48 இன்ச், பாரத்தோட மையம் தரையிலேர்ந்து 26 இன்ச் உயரத்துலன்னு வைங்க, அது பக்கவாட்டுல 42.7 டிகிரில கவிழும். மையம் 2 இன்ச் ஏறுனா 40.6, 4 இன்ச் ஏறுனா 38.7. இது பொம்மை மாதிரி ஆடாம நிக்கிற வண்டிக்கு கணக்கு, நெஜத்துல பட்டை ஒரு பக்கம் அமுங்கி, சரிவுல ஒரு கல்லு மேல மேல்பக்க வீலு ஏறி, அதுக்கு ரொம்ப முன்னாடியே கவிழும். சஸ்பென்ஷன மட்டும் தூக்குனா ஆக்ஸில், வீல் எல்லாம் ஏறாதுங்கறதால மையம் முழு 2 இன்ச் ஏறாது, உண்மைதான், ஆனா கூடவே பெரிய டயரும் கூரை கேரியரும் வருமே, அப்போ அந்த சலுகையும் போச்சு. 2 இன்ச்சுக்கு ஓட்டுற விதத்த கொஞ்சம் மாத்திக்கிட்டா போதும். 4 இன்ச்சுக்கு வளைவுல பழைய நெனப்புல போனா வண்டி மன்னிக்காது.

கடைசியா ஒண்ணு. பழைய வண்டிய இன்னைக்கு இருக்குற நாம மட்டும் வச்சிருக்கப் போறதில்ல, நமக்கு அப்புறம் வேற ஒருத்தர் கைக்கு போகும். அதனால போல்ட் போட்டு மாட்டுறது எதுவோ அது சரி, சேசிஸ அறுத்து வெல்டு வைக்கிறது எதுவோ அது வேண்டாம். கழட்டுன பழைய பட்டை, ஷாக்கிள் எல்லாத்தையும் எண்ணெய் பூசி சாக்குல கட்டி வைங்க, பழைய இரும்புக்கு போடாதீங்க. உயரம் மாத்துறதுக்கு உங்க பக்கத்து சட்டமும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டு செய்யுங்க, விபத்துக்கு அப்புறம் கேக்குற கேள்வி வேற மாதிரி இருக்கும்.

இனிமே இந்த மாதிரி கட்டுரை போடும்போது வண்டி படத்தோட நாலே நாலு அளவு சேர்த்துப் போடுங்க சார், தூக்குறதுக்கு முன்னாடி சேசிஸ் உயரம், தூக்குன பிறகு, டயர் விட்டம், பின் ஷாஃப்ட் கோணம். படத்த பாத்துட்டு பட்டறைக்கு ஓடுற பசங்க அந்த நாலு நம்பரையும் கையோட எடுத்துட்டு போகட்டும்.

இப்படிக்கு,
பழைய ஜீப் ஒண்ணு வச்சு ஓட்டிக்கிட்டு இருக்குற வாசகர்